இரண்டு பூட்டும் ஒரு சைலன்சரும்

காலை 7.10.

சன்னல் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்த பல்ஜோர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். தகரக் கொட்டகைக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நேற்று விட்ட இடத்திலேயே நின்றன. ஒன்றில் சைலன்சர் இருந்தது. மற்றதில் அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டைதான் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் துணை ஆய்வாளர் உர்கியன் வந்தான். சவரம் செய்யாத முகம். லே நகரக் காவல் நிலையத்தில் அவனைவிடச் சின்ன வயது அதிகாரி யாரும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக யாரும் அவனைச் சின்னப் பையன் என்று கேலி செய்வதில்லை. கூடவே காவலர் சுல்பிகார், கையுறைக்குள் சூடாக ஊதிக்கொண்டு வந்தார்.

"ஜூலே, அஜாங் லே. திருட்டா?" வணக்கத்தோடு, மாமா என்று முறை வைத்துக் கேட்டான் உர்கியன்.

"பின்ன என்ன நோனோ, அதுவா இறங்கி நடந்து போச்சா?" நோனோ என்று தம்பியாக அழைத்த பல்ஜோருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து யாரையாவது திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

பல்ஜோர் வண்டி வாடகைக்காரர்கள் சங்கத்தின் தலைவர். சங்கத்து வண்டிகள் எல்லாம் பழைய கார்புரேட்டர் வண்டிகள். வருடா வருடம் கணவாய் உச்சியில் மூச்சு முட்டி நின்றுவிடும். வாடகைக்கு எடுத்தவன் பனியில் உட்கார்ந்து சங்கத்தைச் சபிப்பான். இந்த வருடம் சீசனுக்கு முன்பே எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி புது சைலன்சர் மாட்டிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். எந்த சைலன்சர் என்பதில்தான் அடிதடி.

"ரெண்டு பேர் வந்தாங்க," என்றார் பல்ஜோர். "ரப்கியாஸ் டெல்லியில இருந்து வரவழைச்ச பைப்பு. குட்டை, லேசு, நீலமா பளபளன்னு இருக்கும். உள்ள அடைப்பே கிடையாது, அதனால எவ்வளவு ஒசரம் போனாலும் இன்ஜின் தாராளமா மூச்சு விடும்னு சொன்னான். இன்னொண்ணு வெளியூர்ல இருந்து பொழைக்க வந்த அந்தத் தும்காக்காரன், வெல்டர் பாபுதன், இங்கயே அடிச்சது. ஓடையில இறங்கினாலும் தண்ணி ஏறாத மாதிரி மேல தூக்கி வெச்சிருந்தான். சத்தமும் கம்மி. கோம்பாவுல லாமாக்கள் வேற சத்தம் சத்தம்னு புகார் பண்ணிக்கிட்டே இருக்காங்களே."

ரப்கியாஸ் பெயர் வந்ததும் உர்கியன் கொட்டகைக் கூரையைப் பார்த்தான்.

"யார் ஓட்டிப் பாத்தது?"

"நானும் என் மச்சானும். நேத்து சாங் லா கணவாய் உச்சி வரைக்கும் போய்த் திரும்பினோம். ரெண்டும் என் வண்டி, ஒரே வருஷத்துல வாங்கினது. முந்தாநாள் அவங்கவங்க பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் பைப்பை மாட்டிக் கொண்டாந்தாங்க. வேற எதுலயும் கை வெக்கக் கூடாதுன்னு பேச்சு."

"யாரு ஜெயிச்சா?"

"நான் ஓட்டினது ரப்கியாஸ் பைப்பு. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுச்சு. என் மச்சான் உச்சிக்கு ஒரு வளைவு கீழ நின்னுட்டான். அவனும் இருமினான், வண்டியும் இருமுச்சு."

"அப்போ காணாமப் போனது?"

"ஜெயிச்ச பைப்பு! இன்னிக்குப் பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் ரெண்டையும் நீளவாக்குல அறுத்துப் பாக்கறதா இருந்தோம். போன வருஷம் ஒருத்தன் வித்த பைப்புல உள்ள இருந்த பஞ்செல்லாம் ஒரே மாசத்துல பறந்து போச்சு. அதனால இந்தத் தடவை வயித்தைக் கிழிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கறதுன்னு நேத்து சாயங்காலம் திடீர்னு தோணுச்சு. எல்லார்கிட்டயும் சொன்னேன். யாருக்குப் பிடிக்கலையோ!"

உர்கியன் கதவருகே போனான். இரண்டு கைப்பிடிகளையும் சுற்றிக் கனமான சங்கிலி. சங்கிலியின் ஒரு முனையில் ஒரு பூட்டு, மறுமுனையில் இன்னொரு பூட்டு. இரண்டு பூட்டுகளும் ஒன்றின் வளையத்தில் மற்றொன்றாகக் கோத்திருந்தன. எதிலும் கீறல் இல்லை.

"பித்தளைப் பூட்டு ரப்கியாஸோடது, கறுப்புப் பூட்டு பாபுதனோடது," என்றார் பல்ஜோர் பெருமையாக. "நான்தான் பூட்டினேன். அவங்கவங்க சாவி அவங்கவங்க கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாலொழிய திறக்க முடியாது. எனக்கே முடியாது."

சுல்பிகார் கொட்டகையைச் சுற்றி வந்தார். ஏணி கேட்டார், ஏறினார், இறங்கினார். மூச்சு வாங்கியது.

"கூரைத் தகரம் அப்படியே இருக்கு சார். ஒரு ஆணி அசையல. சன்னல் கம்பியும் அசையல. பூனை கூடப் போக முடியாது."

"பூனைக்கு சைலன்சர் எதுக்கு?" என்றான் உர்கியன். சிரிக்காமல்தான் சொன்னான்.

8.05.

ரப்கியாஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். நாற்பது வயது, நல்ல தோல் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஸ்கூட்டர் பளிச்சென்று இருந்தது. கால் வைக்கும் பலகையின் ஓரத்தில் நீர்த்துளிகள் உறைந்து தொங்கின.

"இந்தக் குளிர்ல வண்டி கழுவியிருக்கான் பாருங்க," என்று முணுமுணுத்தார் சுல்பிகார். "ஜெயிச்ச குஷி."

"என் பைப்பு எங்க?" ரப்கியாஸ் நேராகப் பல்ஜோரிடம் போனான். "உங்களை நம்பித்தானே விட்டேன் அஜாங் லே? யாரு எடுத்தான்னு கேக்கவா வேணும்? நேத்து தோத்துட்டு அவன் கத்தினதை ஊரே கேட்டுச்சு. 'அந்த நீலப் பைப்பை நசுக்கி அடுப்பு ஊதறேன்'னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான்," என்றார் பல்ஜோர் வருத்தமாக.

அப்போதுதான் பாபுதனைத் தேடிப் போன போலீஸ் ஜீப் வந்தது. பேருந்து நிலையத்தில் பையும் கையுமாகப் பிடித்தவனை இறக்கிவிட்டார்கள். ஒல்லியான இளைஞன். தலைக்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் கோபம்.

"ஆமா, சொன்னேன்!" இறங்கும்போதே ஆரம்பித்தான். "இப்பவும் சொல்றேன். அடுப்பு ஊதக்கூட லாயக்கில்லாத பைப்பு அது. அதுக்காக நான் திருடுவேனா? எட்டரை மணி பஸ்ஸு சாப். சீட்டுல துண்டு போட்டு வெச்சிருந்தேன். துண்டும் போச்சு, சீட்டும் போச்சு."

"எதுக்குடா ஊருக்குக் கிளம்பினே?"

"தோத்துப் போனேன், கிளம்பினேன். இங்க உக்காந்து இவங்க சிரிக்கறதைப் பாக்கணுமா?"

"சாவி."

பாபுதன் பையிலிருந்து சாவியை எடுத்து மண்ணில் எறிந்தான். உர்கியன் குனிந்து எடுத்தான். கறுப்புப் பூட்டில் போட்டுத் திருப்பினான். வளையம் விடுபட்டது.

சங்கிலி முழுவதும் சரசரவென்று இறங்கித் தரையில் விழுந்தது. பித்தளைப் பூட்டு பூட்டியபடியே அதன் ஒரு முனையில் தொங்கியது. கதவு தானாக அரை அடி திறந்துகொண்டது.

சுல்பிகார் சங்கிலியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"அஜாங் லே," என்றான் உர்கியன் மெதுவாக, "எப்பவும் இப்படித்தான் பூட்டுவீங்களா?"

பல்ஜோர் பித்தளைப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "சங்கத்து கேட்டை… ஏழு பேர் பூட்டு போடுவோம். ஒண்ணுல ஒண்ணைக் கோத்து. யாரு சாவி வெச்சிருந்தாலும் திறந்துக்கலாம்னு…" பாதியில் நிறுத்தினார். கை பழகியபடி பூட்டிவிட்டது. இரண்டு சாவியும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஏதாவது ஒரு சாவி போதும் என்பது போலப் பூட்டியிருக்கிறார்.

"அப்போ இவன் தனியாவே திறந்திருக்கான்!" ரப்கியாஸ் கையைத் தட்டினான். "முடிஞ்சுது கேஸு!"

உள்ளே நிலைமை பாபுதனுக்கு இன்னும் மோசம். சைலன்சரைப் பிடித்திருந்த இரண்டு நட்டுகள் சீட்டின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வண்டிக்குக் கீழே சிவப்பு நாடா சுற்றிய ஸ்பானர்.

"என்னோடதுதான். நேத்து இங்கயே விட்டுட்டுப் போனேன். எல்லாரும் பாத்தாங்க."

"நான் பாக்கல," என்றான் ரப்கியாஸ்.

உர்கியன் மண்டியிட்டுப் பார்த்தான். சைலன்சர் இல்லாத வண்டியின் கார்புரேட்டருக்குக் கீழே சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அதன் விளிம்பில் தூசி வட்டமாக ஒட்டிக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தான், பெட்ரோல். எழுந்தான்.

இரண்டு வண்டிகளின் பின்னாலும் நம்பர் பலகையில் கதக் என்னும் வெள்ளை மங்கலத் துணி கட்டியிருந்தது. நேற்றுக் கிளம்பும்போது பல்ஜோரின் மனைவி ஆளுக்கு ஒன்றாகக் கட்டி வழியனுப்பியது. புகைவாயிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கியது. பாபுதனின் பைப்பு மாட்டிய வண்டியில் இருந்தது அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது.

"பாருங்க, கதக்கை என்ன கதி பண்ணியிருக்குன்னு," என்று பல்ஜோர் தலையில் அடித்துக்கொண்டார். "இதைப் போய் வண்டிகளுக்கு மாட்டச் சொன்னானே."

உர்கியனின் போன் அடித்தது. மேலதிகாரி.

"சாவி அவனோடது, ஸ்பானர் அவனோடது, ஓடப் பாத்தவன் அவன். இன்னும் என்னய்யா வேணும் உனக்கு? சீசன் ஆரம்பிக்கப் போகுது. வெளியூர்க்காரன் விஷயம், தெருவுல பெரிசாகறதுக்குள்ள முடி. பத்து மணிக்குள்ள அவனை உள்ள வெச்சுட்டேன்னு சொல்லணும்."

"சார், இன்னும் ஒரு—"

தொடர்பு அறுந்தது. திரும்பப் போட்டான். சிக்னல் இல்லை. போனை உயர்த்திப் பிடித்தான். அப்போதும் இல்லை. அந்தப் போனைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. பையில் போட்டுக்கொண்டான்.

9.00.

கொட்டகையிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில் மணிச்சுவர் இருந்தது. மந்திரம் செதுக்கிய கற்களை இடுப்புயரம் அடுக்கிய, நூறடிக்கு மேல் நீளும் சுவர். அதன் இரண்டு பக்கமும் சந்து. வலது பக்கச் சந்து குறுக்கு வழி, காங்கிரீட் போட்டது. இடது பக்கச் சந்து வளைந்து சுற்றிப் போகும், வாய்க்காலை ஒட்டி.

உர்கியன் யோசனையில் நடந்தான். பத்தடி போனதும் கால் புதைந்தது. பூட்ஸ் கணுக்கால் வரை சேறு.

சுவருக்கு அந்தப் பக்கம், காய்ந்த காங்கிரீட்டில் விசிலடித்துக்கொண்டு நடந்த சுல்பிகார் எட்டிப் பார்த்தார். "அங்க எதுக்கு சார் போனீங்க? நேத்து இருட்டினதும் வயலுக்குத் தண்ணி திறந்துவிட்டாங்க. வாய்க்கால் வழிஞ்சு கிடக்கு. யாருக்காவது பைத்தியமா அந்தப் பக்கம் போக?"

உர்கியன் தன் காலைப் பார்த்தான். எரிச்சல் தலைக்கேறியது. எதற்கு இந்தப் பக்கம் வந்தோம்? யோசித்து வரவில்லை. பௌத்த வழக்கப்படி, பிறந்ததிலிருந்து மணிச்சுவரை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடந்திருக்கிறான். கால் தானாக வந்துவிட்டது.

பிறகு சேற்றைப் பார்த்தான்.

ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத் தடம். கொட்டகைப் பக்கமிருந்து சாலைப் பக்கமாக. நடுவில் ஓரிடத்தில் வண்டி சிக்கி, பின்சக்கரம் சுழன்று, சேற்றைப் பின்னால் வாரியடித்திருந்தது. பக்கத்தில் காலை ஊன்றித் தள்ளிய ஆழமான பூட்ஸ் தடம். கொட்டகையை நோக்கி வந்த தடம் எதுவுமில்லை.

"சுல்பிகார் பாய், ராத்திரி ஒருத்தன் அவசரமா தப்பிச்சுப் போறான். அந்தப் பக்கம் காய்ஞ்ச குறுக்கு வழி. இந்தப் பக்கம் சேறு. எதுல போவான்?"

"இதென்ன கேள்வி? இதுல."

"நீங்க போவீங்க. பாபுதன் போவான். வர்றப்போ இந்தத் தடத்துக்காரனும் அதுலதான் வந்திருக்கான், ஏன்னா அந்தத் திசையில நடந்தா சுவர் வலது பக்கம் வரும். திரும்பறப்போ சேத்துல இறங்கியிருக்கான். திருடினதைத் தூக்கிக்கிட்டு, மாட்டிக்கிட்டுத் தள்ளிக்கிட்டு."

சுல்பிகார் விசிலை நிறுத்தினார். தாடியைச் சொறிந்தார். "சாவி இருக்கறது ரெண்டே பேர்கிட்ட," என்றார். "ஸ்கூட்டர் இருக்கறது ஒருத்தன்கிட்ட. அதுவும் காலையில கழுவின ஸ்கூட்டர்." கொஞ்சம் தயங்கினார். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நீங்க ரப்கியாஸைப் பிடிச்சா, ஊருல வேற மாதிரி பேசுவாங்க."

உர்கியன் குனிந்து அந்தப் பூட்ஸ் தடத்தைச் சாணால் அளந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்டோபரில், ரப்கியாஸ் கடையில் அவன் தன் வண்டிக்கு ஒரு சைலன்சர் வாங்கி மாட்டினான். மேலே போனாலும் மூச்சு முட்டாது என்று சொல்லித்தான் ரப்கியாஸ் விற்றான். மாட்டிய வாரமே துர்புக் கிராமத்திலிருந்து, காய்ச்சலில் கிடந்த மனைவி யங்டோலைப் பின்னால் உட்கார வைத்து லே மருத்துவமனைக்குக் கிளம்பினான். சாங் லா உச்சிக்குக் கீழே வண்டி கறுப்புப் புகையாகக் கக்கி நின்றது. உதைத்தான், உதைத்தான். ராணுவ லாரி வந்தபோது அவள் அவன் தோளில் சாய்ந்துதான் இருந்தாள், மூச்சு மட்டும் இல்லை.

"தெரியும்," என்றான் கடைசியில். "அதனாலதான் இது அவனா இருக்கக் கூடாதுன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவனா இருக்கவும் முடியாதே சார். ஜெயிச்சவன் தன் பைப்பைத் தானே திருடுவானா? கோர்ட்டுல சிரிப்பாங்க."

அதுதான். அந்த இடத்தில்தான் எல்லாம் முட்டி நின்றது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான். இந்தப் பக்கமே நடந்தான்.

9.40.

சங்கத்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கொட்டகை முன்னால் கூடிவிட்டார்கள். உப்புத் தேநீர் சுற்றிக்கொண்டிருந்தது. பாபுதனுக்கு யாரும் தரவில்லை. அவன் ஜீப்பின் பின்பலகையில் உட்கார்ந்து எல்லாரையும் ஒவ்வொருவராக முறைத்தான்.

"பைப்பு இல்லாட்டி என்ன?" ஒருவர் சொன்னார். "தலைவரே ஓட்டிப் பாத்துட்டார். ரப்கியாஸுக்கே ஆர்டரைக் கொடுத்துடலாம்."

"கடையில அதே மாடல் இன்னும் ஒரு பெட்டி இருக்கு," என்றான் ரப்கியாஸ் அடக்கமாக. "நாளைக்கே மாட்ட ஆரம்பிச்சுடலாம்."

உர்கியன் கொட்டகை வாசலில் சாய்ந்து நின்றான். தலை வலித்தது. மேலதிகாரிக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். உள்ளே பல்ஜோர் சைலன்சர் இல்லாத வண்டியின் பின்னால் குனிந்து கதக் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உதறினார். நான்காக மடித்தார்.

"இதாவது உருப்படியா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கோம்பாவுல திரும்பச் சாத்தலாம்."

உர்கியன் நிமிர்ந்தான்.

"அஜாங் லே, அதைக் கொஞ்சம் குடுங்க."

துணி புதிதாக வாங்கியது போல இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சாலைத் தூசி. அவ்வளவுதான்.

"நேத்து சாங் லாவுக்குப் போய்த் திரும்பின வண்டியில கட்டினதா இது? மாத்தலையே?"

"நீ என்ன பேசற? என் வீட்டுக்காரி போட்ட முடிச்சை நான்தான் இப்போ அவுத்தேன்."

உர்கியன் வெளியே வந்தான். ஒரு கையில் வெள்ளைத் துணி, மறு கையில் பாபுதன் வண்டியிலிருந்து அவிழ்த்த கறுத்த துணி.

"ரப்கியாஸ், ஒரு உதவி. கடையில இருந்து அதே மாடல் ஒண்ணு கொண்டா. இந்த வண்டியில மாட்டலாம். இப்பவே சாங் லா போய்ட்டு வரலாம். நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"எதுக்கு? நேத்துதான் ஓட்டியாச்சே."

"நான் பாக்கலையே."

"எனக்கு இன்னிக்கு மண்டை இடி. மேல ஏற முடியாது."

"அஜாங் லே ஓட்டுவார். நீ கீழயே இரு."

ரப்கியாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்னய்யா இது? திருடனை விட்டுட்டு என்னைப் பரீட்சை பண்றே? உன் மனசுல என்ன இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், உர்கியன். அந்தக் கோவத்தை என் மேல காட்டாதே."

பல்ஜோர் தரையைப் பார்த்தார்.

"என் கோவத்தை விடு," என்றான் உர்கியன். குரல் உயரவில்லை. "இந்தத் துணியைப் பாரு. மேல போகப் போகக் காத்து கம்மியாகும். கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். எரியாத பெட்ரோல் கரியா வரும். இது இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். காத்து தாராளமா போற பைப்பு மாட்டினா கொஞ்சம் குறையும். ஆனா நிக்காது. சாங் லாவுக்குப் போன பழைய வண்டி எதுவா இருந்தாலும் பின்னால கட்டின துணி கறுக்கணும். பாபுதன் துணி கறுத்திருக்கு. அவன் பைப்பு சுமாரானது. ஆனா நேர்மையா இருமியிருக்கு."

"சுமாரானதா?" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

"வாயை மூடுடா. ரப்கியாஸ் பைப்பு மாட்டின வண்டியில கரியே இல்ல. ஏன்? பெட்ரோலே குறைச்சலா வந்திருக்கு. முந்தாநாள் பைப்பு மாட்டறப்போ, கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற சின்ன பித்தளை ஜெட்டைக் கழட்டிட்டு, இன்னும் சின்ன ஓட்டை உள்ளதை மாட்டியிருக்கான். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினது பைப்பால இல்ல அஜாங் லே. அந்த ஜெட்டால."

"அடப்பாவி," என்றார் பல்ஜோர்.

"ஜெயிச்சாச்சு. அப்போதான் நீங்க பைப்பை அறுக்கப் போறேன்னு சொன்னீங்க. அறுத்தா உள்ள கறுப்பா இருக்கணும். வெளுப்பா இருந்தா இங்க பாதிப் பேருக்குக் காரணம் புரிஞ்சிடும். ராத்திரி வந்தான். தன் சாவியால தன் பூட்டைத் திறந்தான். நீங்க பூட்டின லட்சணத்துக்கு அதுவே போதும். பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டினான். அதுக்குக் கார்புரேட்டர் அடியைத் திறக்கணும், அதுல இருந்த பெட்ரோல் கொட்டின கறை தரையில இருக்கு. பைப்பை மட்டும் திருட வந்தவன் கார்புரேட்டரை எதுக்குத் திறக்கறான்? அப்புறம் பைப்பைக் கழட்டினான். பாபுதன் ஸ்பானர் கண்ணுல பட்டுச்சு. அதாலேயே கழட்டி அங்கயே போட்டான்."

"கதை!" ரப்கியாஸ் சிரிக்க முயன்றான். "இதெல்லாம் இவனும் பண்ணியிருக்கலாம். இவன்கிட்டயும்தானே சாவி இருக்கு?"

"இவனா இருந்தா காங்கிரீட்டுலதான் போயிருப்பான்."

"என்னது?"

"மணிச்சுவர்," என்றான் உர்கியன். "திரும்பிப் போறப்போ சுவரை இடது பக்கம் விட்டுட்டு நேரா போயிருந்தா உன்னைப் பிடிச்சிருக்க முடியாது. உன் கை கேக்கல. வளைச்சு, சேத்துல இறங்கி, சிக்கி, தள்ளிக்கிட்டுப் போயிருக்கே. காலையில ஸ்கூட்டரைக் கழுவினே. சுல்பிகார் பாய், மட்கார்டுக்கு அடியில கையை விடுங்க."

சுல்பிகார் குனிந்து ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு மேலே விரலை விட்டார். உறைந்த வாய்க்கால் சேறு கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார், பிரசாதம் காட்டுவது போல.

ரப்கியாஸ் அதைப் பார்த்தான். பிறகு மணிச்சுவர் இருந்த பக்கம் பார்த்தான். தோள் இறங்கியது.

"பொய்யைச் சொல்லி விக்கலாம்," என்றார் பல்ஜோர் நம்ப முடியாமல், "ஆனா மணிச்சுவரை இடம் சுத்த மாட்டே. அப்படித்தானே?"

ரப்கியாஸுக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. "அதை எப்படிச் சுத்துவாங்க?" என்றான்.

10.25.

சைலன்சர் அவன் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது. அறுத்தார்கள். உள்ளே வெளிர் பழுப்பு, பால் கலந்த தேநீர் நிறம். பாபுதன் தன்னுடையதையும் அறுக்கச் சொல்லி அடம்பிடித்தான். அதில் கை வைத்தவர்கள் எல்லாம் கை கழுவ வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றான் பெருமையாக.

"என்னத்தைப் பாக்கறது? இதுவும் உச்சியில நிக்குது," என்று எரிந்து விழுந்தார் பல்ஜோர். "பத்து நாள்ல சீசன். பைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதைத்தான் மாட்டறது நோனோ?"

"பழசையே விடுங்க. மேல போறவங்களுக்கு ஜெட்டை மாத்திக் குடுங்க. கீழ இறங்கினதும் திரும்ப மாத்தச் சொல்லுங்க. பைப்பு மூச்சு விடாது, அஜாங் லே. அதுக்குச் சத்தம் போடத்தான் தெரியும்."

ரப்கியாஸை ஜீப்பில் ஏற்றினார்கள். பலகையில் கால் வைத்தவன் நின்றான். உர்கியனின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னிக்கு உனக்குக் குடுத்தது… அது நிக்காதுன்னுதான் நினைச்சேன். டெல்லிக்காரன் அப்படித்தான் சொன்னான். நான் மேல கொண்டுபோய் ஓட்டிப் பாத்ததில்ல."

"அது இந்தக் கேஸுல இல்ல. ஏறு."

ஜீப் போனது. போனில் சிக்னல் வந்தது. மேலதிகாரியின் ஏழு அழைப்புகள். உர்கியன் திரும்ப அழைக்கவில்லை.

பாபுதன் பையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றான். "சாப், பஸ்ஸு போச்சு. நாளைக்குத்தான் அடுத்தது. என்னைப் பிடிச்சீங்க, விட்டீங்க. இப்போ நான் எங்க போறது?"

"ஸ்பானர் இருக்கா?"

"சாட்சிப் பொருள்னு உங்க ஆளு எடுத்துட்டாரே."

"சுல்பிகார் பாய், வேற ஸ்பானர் குடுங்க." உர்கியன் நடக்கத் தொடங்கினான். "வீட்டுல ஒரு வண்டி நிக்குது. ரெண்டு வருஷமா தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன். அதுல இருந்து ஒரு பைப்பைக் கழட்டணும்."

பாபுதன் பின்னாலேயே ஓடினான். "துரு பிடிச்சிருக்கும் சாப், நட்டு வராது. என்ன பைப்பு அது? நல்லா இருக்குமா?"

மணிச்சுவர் வந்தது. உர்கியன் சேற்றுப் பக்கம் திரும்பினான். பாபுதன் காங்கிரீட்டில் இரண்டடி வைத்தவன் ஒரு கணம் நின்று பார்த்தான். பிறகு வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே சேற்றில் இறங்கி அவன் பின்னால் வந்தான்.

"சத்தம் நல்லா இருக்கும்," என்றான் உர்கியன்.